மாட் பவல்: கேட்பவர்களைத் தேடிப் போன வயலின்

பழைய இசைத்தட்டு ஒன்றில் மாட் பவல் என்ற பெயரைப் பார்த்ததாகவும், 1900-களின் தொடக்கத்தில் ஒரு பெண் வயலின் கச்சேரி செய்தே பிழைத்திருக்க முடியுமா, யார் இவர் என்றும் கேட்டிருந்தீர்கள். முடிந்தது. அமெரிக்காவில் பிறந்த வயலின் கலைஞர்களில், ஆண் பெண் என்று பிரிக்காமல் பார்த்தாலும், அன்றைக்கு முதல் வரிசையில் இருந்தவர் அவர். எனக்கு மிகவும் பிடித்தவர் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவரைப் பற்றி எங்கே தேடினாலும் முதல் பெண், முதல் பெண் என்றுதான் வரும். அதுவும் சரிதான். ஆனால் நான் அவரை நினைத்துக்கொள்வது இன்னொரு காரணத்துக்காக. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ மாதிரியான நகரங்களைத் தாண்டிவிட்டால், ஒரு முழு மாலை உட்கார்ந்து வயலின் கேட்கும் பழக்கமே அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பழக்கத்தை ரயிலேறி ஊர் ஊராகப் போய், பிறகு இசைத்தட்டு வழியாக வீடு வீடாகப் போய் உண்டாக்கியவர்களில் இவரைத்தான் நான் முதலில் சொல்வேன். அவர் வாழ்க்கையில் மற்ற எல்லாமே இதோடு ஏதோ ஒரு விதத்தில் சேர்ந்துதான் வருகிறது.

பிறந்தது 1867 ஆகஸ்ட் 22, இல்லினாய் மாநிலத்தில். ஊர் பெயர் பெரு, தென் அமெரிக்க நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பா வில்லியம் பிராம்வெல் பவல் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்யும் கல்வி அதிகாரி. பெரியப்பா ஜான் வெஸ்லி பவல் இன்னும் பிரபலம்: உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர், அதற்குப் பிறகு 1869-ல் கொலராடோ ஆற்றில் படகில் போய் கிராண்ட் கேன்யனைக் கடந்தவர். அம்மா வில்ஹெல்மினா பியானோ நன்றாக வாசிப்பார், சொந்தமாக இசையும் அமைப்பார், ஆனால் பெண் என்பதால் அதைத் தொழிலாகக் கொள்ள வழியில்லாமல் போனது. இப்படிப்பட்ட அம்மாக்களை நம் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறோம், கல்யாணத்தோடு பாட்டை நிறுத்தியவர்கள். மகளுக்குப் பின்னால் அந்த அம்மா எவ்வளவு உறுதியாக நின்றார் என்பதைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

குடும்பம் பிறகு ஆரோரா என்ற ஊருக்குக் குடிபோனது. அங்கே வயலின் ஆரம்பித்து, உள்ளூர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் சீக்கிரமே முடித்துவிட்டாள் குழந்தை. அடுத்த குரு சிகாகோவில், வில்லியம் லூயிஸ். 40 மைல் தூரம். ஒன்பது பத்து வயதுப் பெண் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலேறிப் பாடத்துக்குப் போய்த் திரும்பி வருவாள். கடைசிவரை அவர் வாழ்க்கை ரயிலோடுதான் கழிந்தது, அதன் தொடக்கம் இது. அந்த நாட்களில்தான் கமில்லா உர்சோ என்ற பிரெஞ்சுக்காரப் பெண்மணி வாசித்துக் கேட்டிருக்கிறாள். பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் வயலின் படித்த முதல் பெண் அவர். ஒரு பெண் மேடையில் நின்று இப்படி வாசிக்கலாம் என்று கண்ணால் பார்ப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

1881-ல், மாடுக்கு 13 வயது இருக்கும்போது, வீட்டை விற்றார்கள். அந்தப் பணத்தில் அம்மாவும் மாடும் தம்பியும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற, அப்பா வேலையைப் பார்த்துக்கொண்டு அமெரிக்காவிலேயே இருந்தார். லைப்சிக்கில் ஹென்றி ஷ்ராடியெக், பாரிஸில் ஷார்ல் டான்க்லா, நடுவில் இங்கிலாந்தில் கொஞ்சம் கச்சேரி, கடைசியாக பெர்லினில் யோசஃப் யோவாகிம். யோவாகிம் என்றால் இசையமைப்பாளர் பிராம்ஸின் நண்பர், பிராம்ஸின் வயலின் கன்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கும் பெரிய உருப்படி) அவருக்காகவே எழுதப்பட்டது, அந்தக் காலத்தில் அவரிடம் படித்தேன் என்று சொன்னால் எந்த ஊரிலும் மரியாதை. ஜெர்மன் பள்ளியின் கட்டுப்பாடும் பிரெஞ்சுப் பள்ளியின் நேர்த்தியும் இரண்டுமே அவர் கையில் இருந்ததற்கு இந்த நான்கு வருடம்தான் காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாது. பெண் வயலின் வாசிப்பதில் அன்றைய ஐரோப்பாவுக்கு என்ன பிரச்சினை? நம் வித்வான்கள் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் நிறுத்திக்கொண்டு, ஆடாமல் அசையாமல் வாசிக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு, தாடையை அழுத்தி, தோளைத் தூக்கி, கையை வேகமாக வீசி வாசிக்க வேண்டும். அது பெண்ணுக்கு அழகில்லை என்றார்கள். பியானோ சரி, ஹார்ப் சரி, பாட்டு சரி. வயலின் கூடாது. மாட் மேடையேறிய காலத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் தளர ஆரம்பித்திருந்தாலும் ஆர்க்கெஸ்ட்ராக்களின் கதவு திறக்கவில்லை. லண்டனில் குவீன்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவில் அதன் நடத்துனர் ஹென்றி வுட் 6 பெண்களைச் சேர்த்தது 1913-ல்தான், அதுவே அன்று பெரிய செய்தி. வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்க 1997 ஆகிவிட்டது. ஆகவே ஒரு பெண்ணுக்குத் தனிக் கலைஞராக ஜெயிப்பது ஒன்றுதான் வழி. வரிசையில் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கலாம் என்ற பாதுகாப்பு கிடையாது.

பெர்லினில் 1885-ல் ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையேறிவிட்டு ஊர் திரும்பினார். வயது 18 கூட முழுதாக ஆகவில்லை. நியூயார்க்கில் தியோடர் தாமஸ் என்றால் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவர்களில் அசைக்க முடியாத ஆள். சிபாரிசு எதுவும் தேடாமல், ஒத்திகை நடந்துகொண்டிருந்த இடத்துக்கே நேராகப் போய், நான் வாசிப்பதைக் கேளுங்கள் என்று கேட்டார் மாட். கேட்டார் தாமஸ், எடுத்துக்கொண்டார். 1885 நவம்பர் 14-ம் தேதி நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு ப்ரூஹ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் ஜி மைனர் கன்செர்ட்டோவை வாசித்தார். அமெரிக்க அரங்கேற்றம் என்று அதைச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட உருப்படிகளைப் பாருங்கள். பழகிய நாலு கன்செர்ட்டோவை வைத்துக்கொண்டே அவர் காலத்தை ஓட்டியிருக்கலாம், பெண் என்பதால் அதற்கே பாராட்டும் கிடைத்திருக்கும். அவர் என்ன செய்தார் என்றால், யாரும் தொடாததை எடுத்தார். ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் கன்செர்ட்டோ 1881-ல் வியன்னாவில் முதலில் வாசிக்கப்பட்டபோது ஹான்ஸ்லிக் என்ற விமர்சகர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார், அதற்கு முன்னால் லியோபோல்ட் அவுவர் மாதிரியான பெரிய கலைஞரே அதை வாசிக்கத் தயங்கினார். 1889 ஜனவரியில், நியூயார்க்கில், 21 வயதுப் பெண் அதை அமெரிக்கர்களுக்கு முழுமையாக வாசித்துக் காட்டினார். செக் இசையமைப்பாளர் த்வோராக் நியூயார்க்கில் இருந்த வருடங்களில் அவருடைய கன்செர்ட்டோவையும் அந்த ஊரில் வாசித்தார்.

ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் கன்செர்ட்டோ கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்தக் கன்செர்ட்டோ 1904-ல் ஹெல்சிங்கியில் முதலில் வாசிக்கப்பட்டு எடுபடவில்லை. திருத்தி எழுதினார் சிபேலியஸ், 1905-ல் பெர்லினில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த மறுபடி வந்தது, அப்போதும் பெரிதாகப் பேசப்படவில்லை. அடுத்த வருடமே, 1906 நவம்பர் 30-ம் தேதி, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு மாட் பவல் அதை அமெரிக்காவில் வாசிக்கிறார். இவ்வளவு அருமையான கலையை இந்தக் கடுகடுத்த உருப்படியில் போய் ஏன் செலவழித்தார் என்று கேட்கும் அளவுக்கு விமர்சனம் வந்தது. அதைக் கேட்டு அவர் அதைக் கைவிடவில்லை. சிகாகோவுக்குக் கொண்டுபோய் மறுபடி வாசித்தார். யாஷா ஹைஃபெட்ஸ் என்ற வயலின் மேதை அதை இசைத்தட்டில் பதிந்து உலகம் முழுக்கப் பரவச் செய்தது 1935-ல். இன்றைக்கு வயலின் போட்டிகளில் இந்தக் கன்செர்ட்டோ இல்லாமல் இருக்காது. ஒரு நல்ல உருப்படியை அதற்கான காலம் வருவதற்கு முன்னாலேயே காதால் அடையாளம் கண்டுகொள்வது விரல் வேகத்தைவிட அபூர்வமான திறமை என்று நினைக்கிறேன்.

பெண்கள் எழுதிய இசையையும் அவர் ஒதுக்கவில்லை. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியோடு நடந்த பெண் இசைக்கலைஞர்கள் மாநாட்டில் ஏமி பீச் என்ற அமெரிக்கப் பெண் இசையமைப்பாளர் தனக்கு அர்ப்பணித்த ரொமான்ஸ் என்ற சின்ன உருப்படியை, பீச்சே பியானோ வாசிக்க, முதன்முதலாக வாசித்தார். அங்கேயே பெண்களும் வயலினும் என்ற பொருளில் ஒரு கட்டுரையும் படித்தார். அடுத்த வருடம் தன் பெயரிலேயே ஒரு குவார்ட்டெட், அதாவது நால்வர் குழு, அமைத்தார். மற்ற மூவரும் ஆண்கள், முதல் வயலின் இவர்.

சரி, சம்பாத்தியம்? அது எளிதாக இல்லை. 1903-ல் ஜான் ஃபிலிப் சூசாவின் பேண்டோடு ஐரோப்பாவைச் சுற்றினார். பித்தளை வாத்தியங்கள் அணிவகுப்பு இசை முழங்கும் பேண்ட் அது, அதில் இடையில் எழுந்து நின்று வயலின் வாசிக்க வேண்டும், பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு கச்சேரி, ராத்திரி ரயில், மறுநாள் வேறு ஊர், ரஷ்யாவரை. யோவாகிமின் மாணவி இப்படிப் போகலாமா என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் வயலின் என்றால் என்னவென்றே அறியாத கூட்டத்தின் முன்னால் நின்று அவர்களை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொண்டதற்கு இந்த மாதிரிப் பயணங்கள்தான் பள்ளிக்கூடம். 1904-ல் காட்ஃப்ரி டர்னர் என்ற ஆங்கிலேயரைத் திருமணம் செய்துகொண்டார், கணவர் கச்சேரி ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டார். 1905-ல் தென் ஆப்பிரிக்கா.

அதே 1904-ல்தான் விக்டர் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கினார். நாய் குழாய்க்குள் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஞாபகம் இருக்கிறதா, நம் தாத்தா வீடுகளில் இருந்த தட்டுகளில் இருந்த அதே நாய்தான் விக்டர் தட்டுகளிலும் இருக்கும். அவர்களுடைய உயர்ந்த வரிசைக்கு ரெட் சீல் என்று பெயர், கருஸோ மாதிரியான பாடகர்களுக்கான சிவப்பு லேபிள். அந்த வரிசையில் வாத்தியக் கலைஞராக விக்டர் பதிவு செய்த முதல் ஆள் மாட் பவல். முதல் பெண் அல்ல, முதல் ஆளே அவர்தான்.

அந்தப் பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தத் தட்டுகளைக் கேட்கும்போது காது சரியாக வேலை செய்யும். மைக் கிடையாது, மின்சாரப் பதிவு வந்தது 1925-ல். சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாய்க்கு முன்னால் நெருக்கமாக நின்று வாசிக்க வேண்டும். ஒலியின் அதிர்வு குழாய் வழியே போய் ஒரு ஊசியை ஆட்டும், ஊசி சுழலும் மெழுகில் கீறும். அவ்வளவுதான் இயந்திரம். வயலின் ஒலியோ மெல்லியது. நகர்ந்து நின்றால் ஒலி காணாமல் போகும், ரொம்ப நெருங்கினால் வில்லின் கை குழாயில் இடிக்கும். உடம்பை அசைக்காமல், ஒரே தூரத்தில், ஒரே அழுத்தத்தில் வாசிக்க வேண்டும். 10 அங்குலத் தட்டில் சுமார் 3 நிமிடம், 12 அங்குலத்தில் நாலு, நாலரை நிமிடம். உருப்படி அதைவிட நீளமாக இருந்தால் வெட்ட வேண்டும். ஒரு சுரம் பிசகினால் திருத்த வழியில்லை, அந்த மெழுகைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆயிரம் பேர் முன்னால் பதறாதவர்களுக்கும் இந்தத் தகரக் குழாய் முன்னால் கை நடுங்கும்.

இவ்வளவு இருந்தும் 1919 வரை தொடர்ந்து பதிவு செய்தார். சரசாதே, வியன்யாவ்ஸ்கி ஆகிய இசையமைப்பாளர்களின் உருப்படிகள், மசனேயின் மெடிட்டேஷன், மெண்டல்ஸ்சோன் கன்செர்ட்டோவின் கடைசிப் பகுதி, சிபேலியஸின் வால்ஸ் ட்ரிஸ்ட், கூடவே எல்லோருக்கும் தெரிந்த சின்னச் சின்ன மெட்டுகள். இந்தத் தட்டுகள் ரயில் போகாத ஊருக்கும் போயின. தட்டில் கேட்டவர்கள், அவர் அந்தப் பக்கம் வரும்போது நேரில் கேட்க வந்தார்கள். இந்தத் தொடர்பை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார், 1917-ல் நியூயார்க்கில் கார்னெகி ஹாலில் தன் இசைத்தட்டுகளில் பிரபலமானவற்றை மட்டுமே வைத்து ஒரு முழுக் கச்சேரி செய்தார். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்குத் தட்டு என்பது விளையாட்டுப் பொருள் என்று நினைத்த கலைஞர்கள் இருந்தார்கள்.

சிற்றூர்களில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் பெண்கள் நடத்திய இசைச் சங்கங்கள். ஆசிரியைகள், வீட்டுத் தலைவிகள், பியானோ டீச்சர்கள் சேர்ந்து சந்தா போட்டு, டிக்கெட் விற்று, ஒரு அரங்கத்தைப் பிடித்து அவரை வரவழைப்பார்கள். அவரும் வாசித்துவிட்டு மட்டும் போவதில்லை, என்ன வாசிக்கப் போகிறேன், அதில் எதைக் கவனிக்கலாம் என்று நிகழ்ச்சிக் குறிப்புகளைத் தானே எழுதுவார். ஆனால் கேட்பவர்கள் புதியவர்கள் என்பதற்காகத் தரத்தைக் குறைக்கவில்லை. இளம் பெண்கள் வந்து யோசனை கேட்டால் இனிப்பு தடவாமல் சொல்வார்: சாதகம், பிரயாணம், கெட்ட சாப்பாடு, தூக்கமின்மை, உடம்பு தாங்குமா என்று பார்த்துக்கொள்.

இன்னொன்றையும் விட்டுவிட மனமில்லை. சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் என்று ஒரு இசையமைப்பாளர், அப்பா சியரா லியோனைச் சேர்ந்த மருத்துவர், அம்மா ஆங்கிலேயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களை அவர் பியானோவுக்கு அமைத்திருந்தார். அதிலிருந்து டீப் ரிவர் என்ற பாடலை வயலினுக்கு மாற்றி எழுதி, மேடையில் வாசித்து, 1911-ல் இசைத்தட்டிலும் பதிந்தார் மாட். நிறவெறி சட்டமாகவே இருந்த நாட்டில், பிராம்ஸ், பாக் மாதிரியான பெரிய இசையமைப்பாளர்களின் இசை இருக்கிற அதே நிகழ்ச்சியில் அந்தப் பாடலை வைத்தார். கோல்ரிட்ஜ்-டெய்லரின் வயலின் கன்செர்ட்டோவும் அவருக்காகவே எழுதப்பட்டது, 1912 ஜூனில் கனெக்டிகட் மாநிலத்தின் நார்ஃபோக் விழாவில் முதலில் வாசித்தவரும் அவர்தான். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய குறிப்புத் தாள்கள் வழியில் தொலைந்து, மறுபடி எழுதி அனுப்ப வேண்டி வந்தது. டைட்டானிக்கோடு மூழ்கியது என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்ப வேண்டாம். அந்த செப்டம்பர் 1-ம் தேதியே கோல்ரிட்ஜ்-டெய்லர் 37 வயதில் நிமோனியாவில் இறந்துபோனார்.

முதல் உலகப் போரில் ராணுவ முகாம்களில் சிப்பாய்களுக்கு வாசித்தார். உடம்பு அப்போதே தளர்ந்திருந்தது. 1919 நவம்பர் 27, செயின்ட் லூயிஸ் நகரில், கச்சேரியின் நடுவே மேடையிலேயே மயங்கி விழுந்தார். ஓய்வெடுத்திருக்கலாம். சில வாரங்களிலேயே மறுபடி ரயிலேறினார். 1920 ஜனவரி 8-ம் தேதி, பென்சில்வேனியாவில் யூனியன்டவுன் என்ற ஊரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, மாரடைப்பால் இறந்தார். வயது 52.

பிறகு ஏன் மறந்தோம் என்றால், எனக்குத் தெரிந்த பதில் காலம்தான். 1917 அக்டோபரில் 16 வயது ஹைஃபெட்ஸ் கார்னெகி ஹாலில் வாசித்ததும் வயலின் உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாட் இறந்து ஐந்தே வருடத்தில் மின்சாரப் பதிவு வந்து, குழாய்ப் பதிவுகள் எல்லாம் பழைய சரக்காகிவிட்டன. அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் சிபேலியஸ் கன்செர்ட்டோவை மைக் முன்னால் வாசித்திருப்பார், நமக்குக் கேட்கக் கிடைத்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்து ஏங்கியிருக்கிறேன். 2014-ல் கிராமி வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள், இறந்து 94 வருடம் கழித்து.

கேட்க வேண்டுமென்றால், நக்ஸோஸ் நிறுவனம் அவர் தட்டுகளைச் சுத்தம் செய்து நான்கு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது, பழைய தட்டுகள் என்பதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். ஹெட்ஃபோனில், ராத்திரியில் கேளுங்கள். முதலில் வாணலியில் கடுகு பொரிவது மாதிரி இரைச்சல்தான் கேட்கும், அரை நிமிடம் பொறுத்தால் காது அதை ஒதுக்கிவிடும். அப்புறம் விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைக் கவனியுங்கள். இன்றைய மேற்கத்திய வயலின்காரர்கள் இந்த வழுக்கலை ரொம்பக் குறைத்துவிட்டார்கள், கர்நாடக இசையில் ஜாரு கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது சட்டென்று நெருக்கமாகப் படும். விப்ராட்டோ என்கிற அந்த நடுக்கத்தை இப்போது போல எல்லா சுரத்திலும் போடாமல் வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பார், அதனால் அது வரும் இடத்தில் மனசு அசையும். டீப் ரிவரில் ஆரம்பியுங்கள். அது பிடித்தால் வியூடாம் என்ற இசையமைப்பாளரின் செயின்ட் பேட்ரிக்ஸ் டே, ஒரு ஐரிஷ் மெட்டை வைத்துக்கொண்டு அவர் வில் என்னென்ன செய்கிறது என்று அதில் தெரியும். மூன்றாவதாக மெண்டல்ஸ்சோன், அவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக அந்தத் தகரக் குழாய்க்குள் போய் விழுந்திருக்கிறது.